பஸ்ஸில் போன தொட்டாற்சுருங்கி

ரயில் வரும்போது ஐறீன் மிஸ் பாடத்தை நிறுத்துவதில்லை. குரலை மட்டும் நிறுத்துவார். உதடுகள் தம் பாட்டில் அசைந்துகொண்டிருக்கும். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசி வீடு. தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். பெட்டிகள் கடந்து முடியும்வரை உயர்தர மாணவர்கள் அந்த உதடுகளைப் பார்த்தே ஒளித்தொகுப்பை எழுதிக்கொள்வார்கள். குரல் திரும்பி வரும்போது வசனத்தில் பாதி போயிருக்கும். யாரும் குறை சொன்னதில்லை.

பின்னேர வகுப்புக்கென்று ஒரு மயக்கம் உண்டு. தண்ணீரில் பட்ட வெயில் கூரையில் நெளியும். உப்புக்காற்றில் திரைச்சீலை மூச்சு விடுவதுபோல் புடைத்துச் சுருங்கும். சன்னல் திட்டில், பால்மா டின்னொன்றில், ஒரு தொட்டாற்சுருங்கி. ஊரெல்லாம் மிதிபடும் களை. இந்த வீட்டில் அதற்குக் கொதித்தாறிய தண்ணீர். மிஸ்ஸுக்குக் குழாய்த் தண்ணீர் போதும்.

கல்கிசையில் ஒரு வேலியோரத்திலிருந்து பிடுங்கி வந்த புதிதில், ஒவ்வொரு ரயிலுக்கும் அது இலைகளை மூடிக்கொண்டது. இப்போது வீடே அதிர்ந்தாலும் ஓர் இலை அசைவதில்லை. விரல் பட்டால் மட்டும் பழையபடி சுருங்கும்.

“மிஸ், அதுக்குப் பயமா ஈக்குதா?” என்று கேட்டான் ஷிப்லி. வகுப்பில் தூங்காமலிருக்கும் சிலரில் ஒருவன்.

“நரம்பே இல்லாத சாமானுக்கு என்ன பயம்? இலையடியில இருக்கிற கலங்களில வீக்க அமுக்கம் குறையுது. தண்ணி வெளியால போக இலை மடியுது. அவ்வளவுதான்.”

“அப்ப ரயிலுக்கு மட்டும் ஏன் மடியல்ல?”

“பழகீட்டுது.”

“நரம்பில்லாம எப்பிடி மிஸ் பழகும்?”

“மூடின இலை வெயிலைச் சாப்பிடேலாது, ஷிப்லி. ரயிலுக்கு ரயில் மூடிக்கொண்டிருந்தா பட்டினி கிடக்க வேண்டியதுதான்.”

கேட்டது எப்படி என்று. வந்த பதில் ஏன் என்று. ஷிப்லி அதைக் கவனித்தான். ஆனாலும் மரியாதைக்கு எழுதிக்கொண்டான்.

நரம்புகள் யாவும் சரிவர அமைந்த ஐறீன் மிஸ், கோட்டைப் பக்கம் குண்டு வெடித்த நாளிலிருந்து பஸ் ஏறவில்லை. அன்று அவர் கோட்டையில் இருக்கவுமில்லை. வீட்டில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சன்னல் கண்ணாடிகூட உடையவில்லை. தம் பயத்துக்குத் தகுதி போதாது என்பதை அவரே ஒத்துக்கொள்வார். தகுதி பார்த்தா பயம் வருகிறது? கடையில் தகரம் விழுந்தாலும் இரண்டு கைகளும் விரல் மடங்கிப் பொத்திக்கொள்ளும். காலி வீதியைக் கடந்து சந்தைக்குப் போவார், பூசைக்குப் போவார். வெள்ளவத்தைக்கு வடக்கே உலகம் இருப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை. அந்த வடக்கில்தான், கொட்டாஞ்சேனையில், அவருடைய ஒரே தங்கை பிறிஜெற் இருக்கிறாள். அவளுக்கு நெடுங்காலம் காத்திருந்து பிறந்த பெண்பிள்ளையை மிஸ் இன்னும் பார்க்கவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம்” என்றாள் பிறிஜெற் தொலைபேசியில். “நீங்கள்தான் ஞானத்தாய் எண்டு சுவாமிக்கும் சொல்லியாச்சு.”

“கிளாஸ் இருக்கு, பிறிஜெற்.”

“போன முறையும் கிளாஸ் எண்டுதான் சொன்னனீங்கள். களைப்பூண்டுக்கே ரயில் பழகீட்டுதாம், உங்களுக்கு பஸ் பழகேல்லையோ? வராட்டிச் சொல்லுங்கோ அக்கா, என்ர மனுசன்ர தங்கச்சியை ஞானத்தாயா நிப்பாட்டுவம். அவ எப்ப எப்ப எண்டு நிக்கிறா. பிள்ளைக்குத் தன்ர பேரையும் வைச்சிட்டுத்தான் போவா.”

ஞாயிறு வகுப்பு இல்லை என்று மாணவர்களுக்குச் சொன்னபோது மிஸ் காரணத்தையும் சொன்னார். “நான் கொட்டாஞ்சேனைக்குப் போகேல்ல. செடி பஸ்ஸுக்குப் பழகுமோ எண்டு பாக்கப் போறன்.” விஞ்ஞானத்துக்காகப் புறப்படும் பஸ் அந்தத் திசையில் போனால் அதற்கு அவர் என்ன செய்ய முடியும்?

பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டதும் டின்னில் இருந்த அத்தனை இலைகளும் மடிந்தன. ஐறீன் மிஸ்ஸும் மூடிக்கொண்டார்: முதலில் கண்கள், பிறகு தோள்கள். நடத்துநர் வந்து எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். பரிசோதனை என்று விளக்க மிஸ்ஸிடமிருந்த சிங்களம் போதவில்லை.

“கொட்டஹேன” என்றார். கொட்டாஞ்சேனையைப் போகுமிடமாகச் சொல்லி எத்தனை மாதம்!

பம்பலப்பிட்டி தாண்டியிருக்கும். ஒழுங்கைகளின் முனையில் கடல் ஒரு வெள்ளைத் துண்டாகத் தோன்றித் தோன்றி மறைந்தது. மடியில் ஏதோ மெல்ல அசைவதுபோலிருக்க, ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பஸ் குலுங்கிக்கொண்டே இருந்தது. அந்தக் குலுக்கத்திலேயே ஓர் இலை நித்திரை கலைந்ததுபோல் விரிந்துகொண்டிருந்தது. பிறகு அடுத்தது. மிஸ் மற்றக் கண்ணையும் திறந்தார்.

கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். ஒரு கையில் அடையாள அட்டை, மற்றக் கையில் டின். நரைத்த மீசையுடைய இராணுவ வீரர் அட்டையைப் பார்த்தார், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மண் நிரம்பிய டின்னைக் கூடுதல் நேரம் பார்த்தார்.

“மொகத மே?”

இது என்னவென்று சொல்ல மிஸ் வாய் திறந்தார். ரயில் போகும்போது அசைவதுபோல் உதடுகள் மட்டும் அசைந்தன. வீரர் மண்ணைக் கிளறிப் பார்க்க விரலை நீட்டினார். அது இலையில் பட்டது. சோடி சோடியாக, நுனியிலிருந்து அடிவரை, இலை மூடிக்கொண்டது.

அவர் வெடுக்கென்று கையை இழுத்தார்.

தோளில் துப்பாக்கி தொங்கும் மனிதர் ஓர் இலைக்குத் திடுக்கிட்டதை வரிசை முழுதும் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை, அது சிரிக்கிற இடமல்ல. ஐறீன் மிஸ் மட்டும் அந்தக் கையையே பார்த்தார். அதுவும் பொத்திக்கொண்டிருந்தது.

“நிதிகும்பா” என்றார் வீரர், தூக்கத்தில் பேசுகிறவர்போல. அந்தச் செடிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். அட்டையைத் திருப்பித் தந்து, போகலாம் என்று தலையசைத்தார்.

நடத்துநர் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கித் தட்டினார். ஐறீன் மிஸ் திடுக்கிட்டார், ஆனால் நகரவில்லை. டின்னை இரண்டு கைகளாலும் பிடித்து, இன்னும் மூடாத பக்கத்தை அந்த வீரர் தொட்டுப் பார்க்க அவர் பக்கம் திருப்பினார்.