பொத்தான் டப்பாவில் மாத்திரை

தையல்காரருக்கு எதையும் வகை பிரித்து வைக்காவிட்டால் தூக்கம் வராது. வெள்ளைப் பொத்தானுக்கு ஒரு டப்பா, கறுப்புக்கு ஒன்று, கொக்கிக்கு இன்னொன்று. அந்தக் கிறுக்குப் புத்தி மனைவியின் மாத்திரைமேலும் பாய்ந்ததுதான் வினை.

அவளுக்கு வலிப்பு நோய். மாத்திரை ஒழுங்காக உள்ளே போனால் வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காது. ஆனால் விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்ததால், அட்டையைப் பிரிக்க அவள் படும் பாட்டை இவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அத்தனை மாத்திரையையும் உரித்துப் பொத்தான் டப்பாக்களில் நிரப்பினார். வைத்த இடம் இருக்கிறதே, அடடா! கடையும் வீடுமாயிருந்த அந்த அறையில், இஸ்திரி மேசைக்கு நேர் மேலே உள்ள பலகை. ஈரத்துணியில் பெட்டி பட்டதும் புஸ்ஸென்று கிளம்பும் ஆவியெல்லாம் அங்கேதான் போகும்.

"இனிமே மூடியத் திறந்தா போதும், மகாராணி!" என்றார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். அடுப்படியிலிருந்து வந்தவள் அப்படியே சரிந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

மருத்துவமனையில், அவர் கையோடு கொண்டுபோன டப்பாவை டாக்டரம்மா திறந்தார். மாத்திரைகள் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, ஓரம் உதிர்ந்து கிடந்தன. நடுவில் நூல் பிசிறு வேறு.

"ஈரம் பட்டா இதோட வீரியம் போயிடும். அட்டையிலயே இருக்கட்டும், சாப்பிடும்போது பிரிச்சா போதும். ஆவியும் வெயிலும் படாத இடமாப் பார்த்து வையுங்க," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தையல்காரர் கேட்டார்: "உதிர்ந்துபோனது உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. நூலுகூட வாயில வந்துச்சு."

"சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"எனக்காக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செஞ்சீங்க. குறை சொல்ல எப்படிங்க வாய் வரும்?"

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன அவருக்கு. "என் மனசு நோகுமேன்னு உன் உசிரையா விடுவே, பைத்தியக்காரி? நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்?" என்று கத்தினார்.

புது அட்டைகள் அலமாரிக்குள் போயின. சாப்பாடு முடிந்ததும் அவரே ஒன்றைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்து, தம்ளரை நீட்டினார். விழுங்கிவிட்டு அவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க இது, தண்ணி இப்படிச் சுடுது? நாக்கு வெந்துபோச்சு. ஒரு வேலை உருப்படியாத் தெரியுதா உங்களுக்கு?"

போன உயிர் திரும்பியதுபோல் இருந்தது அவருக்கு. "அப்படித்தான்," என்றார். "இன்னும் நல்லாத் திட்டு."