இடது ஓரத்தில் நின்றவர்கள்

ரங்கெல் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊதுபந்தால் தூசியை ஊதுவார், துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு திரவம் விடுவார், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு முதலிலிருந்து தொடங்குவார். கண்ணாடி எப்போதோ சுத்தமாகிவிட்டது. கைகள்தான் நிற்கவில்லை.

"போதும், ரங்கெல். தேஞ்சுடப் போகுது" என்றேன்.

"மெழுகுவர்த்திப் புகை படிஞ்சிருக்கும் பவ்லீனாக்கா. சாவு வீட்டுல அத்தனை மெழுகு எரியுது, சாம்பிராணி வேற."

"அதைப் போன வாரமே துடைச்சீங்க. படம் சரியாச்சா?"

அவர் துணியை மறுபடி மடித்தார்.

எங்கள் ஊரில் கல்யாணம் நடந்து பல காலமாகிறது. இளையவர்கள் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டார்கள். எனவே ரங்கெல் எடுப்பதெல்லாம் சாவுப் படம்தான். திறந்த சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்க, அடக்கத்துக்குக் கொண்டுபோகும் முன் ஒரே ஒரு படம். வர முடியாத பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர வேண்டும். சின்ன அறை, நிறைய ஆட்கள். அந்த அகலக்கோண ஜூம் லென்ஸ் இல்லாவிட்டால் பாதிப் பேர் படச்சட்டத்துக்கு வெளியே நிற்பார்கள்.

சிக்கல் அந்தப் படங்களின் இடது ஓரத்தில் இருந்தது. நடுவில் இறந்தவரின் மீசை முடியைக்கூட எண்ணலாம். வலது ஓரமும் பரவாயில்லை. இடது ஓரத்தில் நிற்பவரின் முகம் மட்டும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் கரைந்து இழுபட்டிருக்கும். அப்படிக் கரைந்தவர்களில் மூன்று பேர் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குமேல் ஊருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்தது யார் என்று ரங்கெலின் கேமராவுக்குத் தெரியும் என்றார்கள். ரொட்டிக் கடையில் அவர் வந்து நின்றால் பெண்கள் வலது பக்கமாக ஒதுங்கினார்கள்.

கடைசியாகக் கரைந்த முகம் கீனாக் கிழவியுடையது. தன் தங்கையின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவள். படம் கைக்கு வந்த நாளிலிருந்து சாப்பாட்டை ஒதுக்கிவிட்டாள். தன் அடக்கத்துக்கான உடுப்பைத் துணிப்பெட்டியிலிருந்து எடுத்து நாற்காலியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள். நான் இத்தாலியில் பல வருடங்கள் முதியவர்களைப் பராமரித்தவள். அந்த வேலைக்கென்று பயிற்சி எடுத்திருக்கிறேன். சாப்பிட முடியாதவரையும் சாப்பிட மறுப்பவரையும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். கீனாவுக்கு நாடி சரி, நுரையீரல் சரி. ஆனால் இப்படியே விட்டால் படம் சொன்னது நடந்துவிடும்.

"ஏன்டீ, சூப்பை எனக்கு ஏன் ஊட்டறே?" என்றாள் அன்று காலை. "கோழிக்கு ஊத்து. முட்டையாவது போடும்."

அதனால்தான் ரங்கெலைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நோயாளியைப் பார்ப்பதுபோலவே கேட்டேன். எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது.

அவர் எல்லாம் பார்த்திருந்தார். முன்னால் மாட்டும் வடிகட்டிக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் ஆவி படியாதபடி கேமராவைப் பையிலேயே வைத்துக் காத்திருந்தார். முக்காலியில் வைத்தபின் நடுக்கத்தைத் தடுக்கும் பொத்தானை அணைத்திருந்தார். ஃபோகஸைத் திரையில் பெரிதாக்கிக் கையாலேயே திருப்பியிருந்தார். எதுவும் மாற்றவில்லை.

"எதனால குறையுது?"

"லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற துளையைச் சின்னதாக்கினா கொஞ்சம் தெளியும். ஆனா வெளிச்சம் பத்தாது. நெவேனா இருந்தப்போ விளக்கு பிடிப்பா. இப்ப ஆளில்லை, முழுசாத் திறந்துதான் எடுக்கறேன்."

நெவேனா அவர் மனைவி. இரண்டு குளிர்காலத்துக்கு முன் இறந்தாள். எல்லா வீட்டிலும் சட்டத்துக்குச் சற்று வெளியே, இடது பக்கம் நின்று விளக்கைத் தூக்கிப் பிடித்திருப்பாள்.

"அவ அங்கதான் நிக்கறா" என்றார் ரங்கெல், துணியைப் பார்த்தபடி. "பக்கத்துல நிக்கறவங்களக் கூப்பிட்டுக்கறா. சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை. நெவேனாவைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டது நான்தான். அன்று அந்த அறையில் நடந்தது எனக்கு நினைவிருந்தது.

"அவ சாவன்னிக்கு முக்காலி சாஞ்சுதே? பெட்டியைத் திருப்பறப்போ யாரோ கால் தட்டி. கேமரா அடுப்பு விளிம்புல இடிச்சுது."

"கண்ணாடியில ஒரு கீறல்கூட இல்லைக்கா."

"விழுந்த கிழவி எழுந்து நடந்தாலும் இடுப்பை எக்ஸ்ரே படம் எடுத்துப் பாக்கணும். வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள நகர்ந்திருக்கும். எடுங்க கேமராவை."

மூடிப்போன கூட்டுறவுக் கடையின் நீளச் சுவருக்குப் போனோம். எங்கள் ஊரில் இரங்கல் தாள்களை ஒட்டுவது அங்கேதான். நாற்பதாம் நாள், ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று இறந்தவர்கள் படத்தோடும் எழுத்தோடும் சுவர் முழுக்க நிற்பார்கள். தட்டையான சுவர், ஓரம்வரை சின்ன எழுத்து. சோதனைக்கு இதைவிட நல்லது கிடைக்காது. தண்ணீர்க் குடத்தோடு போனவர்கள் எங்களைப் பார்த்து நடையை வேகமாக்கினார்கள்.

"அடுத்த ஆளைத் தேடறாங்க" என்று ஒருத்தி சொன்னது கேட்டது.

"உன்னத்தான்டீ, வா, நில்லு!" என்றேன். ஓடிவிட்டாள்.

ரங்கெல் முக்காலியைச் சுவருக்கு நேராக வைத்து, லென்ஸை முழு அகலத்துக்குத் திருப்பி, துளையை முழுதாகத் திறந்து, தானாக எடுக்கும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்தார். திரையில் பெரிதாக்கினோம். இடது ஓரத்துத் தாள்கள் பஞ்சாகக் கிடந்தன. அந்தப் பஞ்சுக்குள் நெவேனாவின் இரண்டாம் வருடத் தாள் இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கறை.

"பாத்தீங்களா?" என்றார். குரல் மிகச் சன்னமாக இருந்தது.

"கேமராவைத் தலைகீழா மாட்டுங்க."

"என்ன?"

"அவ அந்தப் பக்கம் நிக்கறான்னா அங்கதான் நிப்பா. லென்ஸ் கெட்டிருந்தா கேடும் சேர்ந்து திரும்பும்."

முக்காலியின் தலையைக் கவிழ்த்துக் கேமராவை மாட்டினார். எடுத்தார். படத்தை நிமிர்த்திப் பார்த்தோம். இப்போது வலது ஓரம் பஞ்சாகியிருந்தது. இடது ஓரத்தில் ஒவ்வொரு எழுத்தும் நின்றது. நெவேனாவின் புருவத்து மருவும் தெரிந்தது.

நான் எதிர்பார்த்ததுதான். அவர் முகத்தில் நிம்மதியைத் தேடினேன், இல்லை. யாரோ கதவைச் சாத்திவிட்டுப் போனதைக் கேட்டவர்போல் நின்றார்.

"அப்ப அவ இல்லை" என்றார்.

"இல்லை."

மீதியை நடந்துகொண்டே சொன்னேன். எங்கள் வீடுகளெல்லாம் ஒரே வரைபடத்தில் கட்டியவை. இறந்தவரின் கால் வாசல் பக்கம் இருக்கும்படி சவப்பெட்டியை வைப்போம். இடமில்லாததால் ரங்கெல் அடுப்போடு முதுகை ஒட்டி நின்றுதான் எடுப்பார். அங்கிருந்து பார்த்தால் தலைமாடு எப்போதும் இடது பக்கம். தலைமாட்டில் நிற்பவர் மிக நெருங்கிய உறவு. புருஷனை இழந்தவள், மூத்த அக்கா, வயதான அம்மா. அடுத்துப் போகக்கூடியவர்களையே கூப்பிட்டு இடது ஓரத்தில் நிறுத்தியது எங்கள் வழக்கம்தான்.

"இதையெல்லாம் கீனாக்கா கேட்பாங்களா?"

கேட்கமாட்டாள். அது எனக்கும் தெரியும். லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கிறது என்று சொன்னால், நகர்த்தியது யார் என்பாள்.

அவர் தன் வீட்டு வாசலில் நின்றார். பிறகு உள்ளே போய், நெவேனாவின் கம்பளிகளுக்கு அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்துவந்தார். அவளுடைய சாவுப் படம். முக்காலி விழுந்த பிறகு எடுத்த முதல் படம். வேறு ஆள் இல்லாததால் தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிப்போய் அவரே தலைமாட்டில் நின்றிருக்கிறார். இடது ஓரத்தில் கோட்டும் கழுத்துப்பட்டையும் தெரிந்தன. அதற்கு மேலே முகம் இல்லை.

"மொத ஆளு நான்தான்க்கா. யாருகிட்டயும் காட்டலை. ரெண்டு வருஷமா ஒவ்வொரு நாளும் படுக்கறப்போ நல்ல சட்டையை மடிச்சு நாற்காலியில வெக்கறேன், அடக்கத்துக்கு யாரும் தேடவேண்டாம்னு."

அதைக் கீனாவிடம் காட்ட வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படத்தை உறையில் போட்டு மேசையின் நடுவில் வைத்தார்.

மறுநாள் காலை மணி ஏழடிக்கும் முன்பே என்னோடு வந்து கீனாவின் கதவைத் தட்டினார். கேமரா, முக்காலி, நெவேனாவின் பழைய விளக்கு எல்லாம் கையில் இருந்தன. கீனா தலையணையில் சாய்ந்தபடி அவர் நீட்டிய படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். அதை விலக்கி ரங்கெலைப் பார்த்தாள். மறுபடி படத்தை.

"இது யாரு? நீயா?"

"நான்தான்க்கா."

"எப்போ?"

"நெவேனா போனப்போ."

"ரெண்டு வருஷமாச்சு. இன்னும் சாகலையா நீ?"

"இல்லையே."

"சோம்பேறி. அவ கூப்பிட்டும் போகலை பாரு." அவள் என் பக்கம் திரும்பினாள். "கோழிக்கு ஊத்தச் சொன்ன சூப்பு மிச்சமிருக்கா? கோழியே குடிச்சுடுச்சா?"

ஒரு கிண்ணம் குடித்தாள். ரொட்டியை நனைத்தும் தின்றாள். பாதியில் நிறுத்தி, நல்ல படம் ஒன்று எடுத்தால்தான் மிச்சத்தைக் குடிப்பேன் என்றாள். அதுவும் பழைய இடத்திலேயே, இடது ஓரத்தில். எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தேன். அடக்க உடுப்பை அவளே சுருட்டித் துணிப்பெட்டிக்குள் தள்ளினாள்.

ரங்கெல் அடுப்போடு முதுகை ஒட்டி நின்றார். கேமராவைத் தலைகீழாக மாட்டினார், துளையைச் சின்னதாக்கினார். வெளிச்சம் போதவில்லை. நான் விளக்கை எடுத்துக்கொண்டு சட்டத்துக்கு வெளியே போய் நின்று தூக்கிப் பிடித்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம், நெவேனா" என்றார்.

நான் இடது பக்கம் நகர்ந்தேன்.