குடோன் சுவர் விழுந்த பிறகு

இடிபாட்டில் மாட்டியவரைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும், இழுத்து வெளியே போட்டுவிட வேண்டும் என்று. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான். வடக்கே ஒரு மலையூரில் நிலநடுக்கம் வந்தபோது மருத்துவக் குழுவோடு போய், அந்தப் பரபரப்பைத் தொலைத்துவிட்டு வந்தேன். அங்கே இடிந்த கூரைக்கு அடியில் தொடை மாட்டிக் கிடந்த ஒருவர் எங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கூரையைத் தூக்கினார்கள். சுற்றி நின்றவர்கள் கைதட்டி முடிப்பதற்குள் அவர் இதயம் நின்றுவிட்டது.

நசுங்கிய தசையிலிருந்து கசியும் பொட்டாசியம், மேலே எடை இருக்கும்வரை அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். எடையை எடுத்ததும் ரத்தத்தோடு கலந்து நேரே இதயத்துக்குப் போகும். அதில் தப்பித்தாலும் தசையின் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே தூக்குவதற்கு முன்பே நரம்பில் சலைன் ஏற்ற வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆள் கத்திக்கொண்டிருக்கும்போது செய்து பாருங்கள், தெரியும்.

மரக்காணத்துக்கு மாற்றல் வந்தபோது, இங்கே நிலநடுக்கம் எங்கே வரப்போகிறது என்றுதான் இருந்தேன். சுவர் விழ மழையே போதுமாக இருந்தது. உப்பளத்துப் பழைய குடோன் ஒன்றின் சுவர் ஊறிப்போய், ஒரு காலை நேரத்தில் உள்பக்கமாகச் சரிந்தது. உள்ளே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவரின் இரண்டு கால்கள் அடியில். மேலே சுவர், உத்தரம், உப்பு மூட்டைகள். கையால் அள்ளிப் பார்த்து முடியாமல் ஜேசிபிக்குச் சொல்லியிருந்தார்கள். அது வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். ஆம்புலன்சில் நானும் அப்போதுதான் போய் இறங்கினேன்.

ஜேசிபியை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர் கையில் ஊசியைக் குத்தி சலைனைத் திறந்துவிட்டேன். மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா டாக்டரம்மா, உப்பளத்துல கெடக்குறவனுக்கு உப்புத் தண்ணியா ஏத்துறீங்க? மொதல்ல ஆளத் தூக்குங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். "நீ பேசாம இந்தக் குடையப் பிடி. அவர் மூஞ்சியில வெயில் அடிக்குது," என்றேன். முறைத்துக்கொண்டே பிடித்தார்.

மாட்டியிருந்தவரின் மனைவி, அதே உப்பளத்தில் உப்புச் சுமப்பவள், அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பொழைப்பாரா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. இப்பவே இழுத்தா பொழைக்க மாட்டாரு. அது மட்டும் தெரியும்."

அவள் கூட்டத்தைப் பார்த்து, "டாக்டரம்மா சொல்ற வரைக்கும் எவனும் கைய வெக்காதீங்க," என்றாள்.

இரண்டு பாட்டில் இறங்கிய பிறகு தூக்கினோம். நாடி தடுமாறியது. கால்சியம் ஊசி போட்டதும் நிலைக்கு வந்தது. "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு," என்றார் மேஸ்திரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னும் போகலய்யா," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி. கால்கள் தப்பின. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்து, பிறகு ஏறக்குறைய நின்றேபோனது. டயாலிசிஸ் செய்தார்கள். விடுப்பு நாளில் நான் போனபோது வார்டில் அவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: தண்ணீர் அளவாக, பழம் கூடாது, ஜூஸ் கூடாது. அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் கொண்டுவந்த சாத்துக்குடியை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். சிறுநீர் மெல்ல வரத் தொடங்கியது. இன்னும் ஒரு வாரம் தாண்டினால் போதும் என்று நானும் நம்பினேன்.

ஒரு சாயங்காலம் வார்டு டாக்டர் போன் செய்தார். "மேடம், பொட்டாசியம் எகிறி ஹார்ட் நின்னுடுச்சு. எவ்வளவோ பார்த்தோம், வரல. கட்டிலுக்கு அடியில எளநி மட்டை கெடக்குது."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. போனை வைத்துவிட்டு அழுதேன்.

இளநீரில் பொட்டாசியம் கொட்டிக் கிடக்கிறது; கெட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ஆனால் எங்கள் கடற்கரையில் இளநீர் பழமும் இல்லை, ஜூஸும் இல்லை, தண்ணீரும் இல்லை. அது மருந்து. வெயிலில் மயங்கினால் இளநீர், அம்மை போட்டால் இளநீர், நீர்க்கடுப்புக்கும் இளநீர். ஒன்றுக்குச் சரியாகப் போகாமல் கிடக்கும் புருஷனுக்கு அவள் வேறெதை வாங்குவாள்? ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டி போட்டு விற்கிறார்கள். கூடாது என்று சொன்னவற்றில் அதன் பேர் இல்லை.

கருமாதி முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். நாளைக்கே இன்னொரு சுவர் விழும், இன்னொருத்தி இளநீர் வாங்குவாள். தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. தவிர, நோயாளி வீட்டாரிடம் மென்று விழுங்கிப் பேசும் பழக்கமே எனக்குக் கிடையாது.

நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் தொண்டையைச் செருமியதும் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"நெனச்சா ஒண்ணுதான் டாக்டரம்மா மனசுக்கு ஆறுதலா இருக்குது. தண்ணிக்கு அப்படித் தவிச்சாரு. தண்ணி அளவாத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டாங்க. நாக்கு ஒட்டிக்கினு கெடந்துது. அன்னிக்கு எளநி வாங்கி ஊத்துனேன். ஜில்லுன்னு இருக்குதுடி, இன்னொண்ணு வாங்கியான்னாரு. வாங்கியாந்து குடுத்தேன். வயிறு குளுந்துதான் போனாரு. அதையாவது செஞ்சேனே. நல்லதுதானே டாக்டரம்மா செஞ்சேன்?"

"நல்லதுதாம்மா செஞ்ச," என்றேன்.