மருத்துவரிடம் நான் மறைத்த காசநோய்

என் மனைவி அமுதாவுக்கு ஐந்து நாள் இருந்த மாதவிலக்கு இரண்டு நாளாகக் குறைந்தது. பிறகு ஒரே நாள், அதுவும் வெறும் கறைபோல. எங்களுக்குத் திருமணமாகி அது இரண்டாவது வருடம். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவள் உற்பத்தி லைனில் நின்று வேலை செய்பவள். "நல்லதாப் போச்சு. பாத்ரூம் போவறதுக்கு சூப்பர்வைசர் மூஞ்சிய பாத்துகினு நிக்க வேணாம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அதுதான் முதல் அறிகுறி என்று எங்களுக்குத் தெரியவில்லை.

குழந்தை உண்டாகவில்லையே என்று மருத்துவமனைக்குப் போனோம். நான்கு பக்கப் படிவம் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். வீட்டுக்கு வரும் எல்லாத் தாளையும் நிரப்புவது என் வேலை. "நீயே எழுது" என்று அமுதா பேனாவை நீட்டினாள். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று எழுதினேன்.

இருந்தது. எனக்குத்தான். டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் பயிற்சியில் சேர்ந்து, லாட்ஜில் ஆறு பேர் ஒரே அறையில் தங்கியிருந்தபோது வந்தது. ஆறு மாதம் போட வேண்டிய மாத்திரையை, உடம்பு தேறியதும் நான்காம் மாதமே நிறுத்திவிட்டேன். தெரிந்தால் வேலை போகும், பெண் தரமாட்டார்கள் என்று பயம். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அமுதாவுக்கு ஹார்மோன் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சரியாக இருந்தன. என் விந்துப் பரிசோதனையும் சரி. அம்மா தெருவெல்லாம் சொன்னாள்: "எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல, ரிப்போட்டே வந்துக்கீது." அமுதா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினேன்.

ஆறு மாதம் கருமுட்டை வளர மாத்திரை சாப்பிட்டாள். பலனில்லை. அதன்பின் எச்.எஸ்.ஜி. (கருப்பைக்குள் சாயம் செலுத்தி, கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பது) எடுத்தார்கள். வெளியே வந்தபோது அவள் உதடு கடிபட்டு வீங்கியிருந்தது.

படத்தை விளக்கில் வைத்துப் பார்த்த மருத்துவர், படிவத்தைத் திருப்பினார்.

"ரெண்டு குழாயும் அடைச்சிருக்கு. டி.பி. மாதிரி தெரியுது. வீட்ல யாருக்கும் இல்லையா?"

"இல்லீங்க மேடம். இவருதான் படிச்சுப் பாத்து எழுதனாரு" என்றாள் அமுதா.

அந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கு இருந்ததைச் சொன்னேன்.

மருத்துவர் திட்டவில்லை. "உங்ககிட்டேருந்துதான் வந்ததுன்னு சொல்ல முடியாது. யார்கிட்டேருந்தும் வந்திருக்கலாம். ஆனா தெரிஞ்சிருந்தா முதல்ல அதைத்தான் தேடியிருப்பேன்."

திரும்பும்போது பேருந்து தண்டலம் தாண்டியது. அமுதா கேட்டாள்: "கல்யாணத்துக்கு முன்னாடி ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன். அத நான்தான சொல்லணும்? நீயே முடிவு பண்ணிப்பியா?"



கருப்பையின் உட்சுவரில் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்ததில் காசநோய் உறுதியானது. ஆறு மாத மாத்திரை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், குமட்டும். ஒரு நாளும் அவள் தவறவிடவில்லை. அம்மாவிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். அம்மா பிறகு தெருவில் எதுவும் பேசவில்லை. அமுதாவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை.

இதைப் படிக்கும் கணவர்களுக்கு ஒன்று சொல்வேன். மனைவியின் உடம்பில் காரணம் தேடும்போது உங்கள் பழைய நோயையும் சொல்லிவிடுங்கள். அந்த நோய் ஒருவேளை காரணமாக இல்லாமல் போகலாம். மறைத்ததால் வீணான மாதங்கள் அவளுடையவை.

நோய் குணமாகிவிட்டது. மாதவிலக்கு மூன்று நாளாகத் திரும்பியது. குழாய்கள் திறக்கவில்லை. சோதனைக்குழாய்க் குழந்தை முறைதான் வழி என்றார்கள். "யோசிச்சு நான் சொல்றேன்" என்றாள் அமுதா. இன்னும் சொல்லவில்லை. நான் கேட்பதுமில்லை.

முன்பெல்லாம் நாட்களை ஷிஃப்ட் வைத்து எண்ணுவேன். இப்போது அவளுடைய பதிலுக்காகக் காத்திருக்கிறேன். எத்தனை நாள் என்று எண்ணுவதில்லை.

போன வாரம் எனக்கு இருமல். அன்றே சொன்னேன். "சளி டெஸ்ட்டு குடுத்துட்டு வா" என்றாள், கோபமே இல்லாமல். பாயைச் சற்றுத் தள்ளிப் போட்டாள். நோய் இல்லை என்று முடிவு வரும்வரை நான் சுவர்ப்பக்கம் திரும்பியே மூச்சு விட்டேன்.