மாமாவும் பெரிய லீக்கில் சேர்க்கப்படாதவரும்

ஐந்தாம் வகுப்பில் ஆளுக்கொரு விளையாட்டு வீரரைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆசிரியை சீட்டுக் குலுக்கினார். எனக்கு வந்தவர் அந்தக்கால அமெரிக்க பேஸ்போல் பந்துவீச்சாளர் ஒருவர். டென்மார்க்கில் நாங்கள் இருந்த இக்காஸ்டில் எங்கள் ஆட்களில் பேஸ்போல் தெரிந்த ஒரு சீவனும் இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லாத மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார்.

மாமாவுக்குத் துணி ஆலையில் வேலை. சனிக்கிழமைகளில் டேனிஷ்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் வேகப்பந்து வீசுவார். ஒன்பது வருடமாக இரண்டாவது அணிதான். ஒரே ஒரு தடவை முதல் அணியில் ஆடிவிட வேண்டும் என்ற அவருடைய ஆசை, எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்த எல்லோருக்கும் தெரியும். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், முழங்கையை மடக்கி எறிகிறாராம், கிரிக்கெட்டில் அது குற்றமாம், கிளப்பில் சொன்னார்களாம் என்பார். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு நடுவரும் அவருக்கு நோபோல் சொன்னதில்லை.

அந்த பேஸ்போல்காரரைப் பற்றிய நூலகப் புத்தகத்தின் முதல் பக்கத்தை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். நன்றாக வீசியும் இவரைப் பெரிய லீக்கில் சேர்க்கவில்லையாம். மாமா படத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"பின்ன சேர்ப்பினமே? கையைப் பார், என்ன மாதிரி மடக்கி எறியிறான். நோபோல்!"

அதற்குப் பிறகு மிச்சப் பக்கங்களை யார் படிப்பார்கள்? வகுப்பில் முழங்கையை மடக்கிக் காட்டி, அந்த மனிதரின் குற்றத்தை அழகாக விளக்கினேன். ஆசிரியையின் முகம் சிவந்துவிட்டது. பேஸ்போலில் எல்லோருமே அப்படித்தான் எறிவார்களாம். அவர் கறுப்பர் என்பதால்தான் சேர்க்கவில்லையாம். எனக்கு மானம் போனது.

வீட்டுக்கு வந்ததும் மாமாவோடு சண்டைக்குப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தவர், அந்த வீரரைச் சேர்க்காத காரணத்தைக் கேட்டதும் அடங்கிப்போனார்.

"பிறகு என்ன செய்தவன்?"

தங்கள் ஆட்களின் அணிகளில் ஊர் ஊராகப் போய் எறிந்தார், நாற்பது வயதுக்குப் பிறகுதான் பெரிய லீக் கூப்பிட்டது என்றேன்.

"போனவனோ?"

"ஓம், போனவர்."

"விசரன்! நானெண்டால் போயிருக்க மாட்டன்."

அடுத்த சனிக்கிழமை காலை போன் வந்தது. முதல் அணியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், ஆள் காணாது. மாமா போனில் "யா, யா" என்றபடியே ஒற்றைக் கையால் வெள்ளைக் காற்சட்டையை ஏற்றினார். இரண்டு காலும் ஒரே பக்கத்துக்குள் போய், கதவோடு மோதி விழுந்தார். சொன்ன சொல் ஒரு கிழமைகூடத் தாங்கவில்லையே என்று நான் வயிறு நோகச் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. மாமாவின் சப்பாத்தை எடுத்துவந்து, குனிந்து தானே அவருக்குக் கட்டிவிட்டார். "கெதியாப் போடா, அவங்கள் வேற ஆரையும் கூப்பிட்டிடுவாங்கள்" என்றபோது அம்மாவின் குரல் உடைந்தது. இவ்வளவு சந்தோசமான நாளில் அம்மா எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.