கிழக்கே வழிந்த பியர்

எங்கள் கராஜில் ஒரு பெரிய எவர்சில்வர் பானை இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் விளிம்பிலிருந்து அடிவரை கறுத்த கறை ஒன்று ஓடுகிறது. மனைவி இரண்டு தடவை அதைத் தேய்க்கப் பார்த்து, இரண்டு தடவையும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அந்தக் கறையில் யாரும் கைவைக்கக் கூடாது.

பானை எங்கள் போர்மனுடையது. டென்மார்க்கின் பிராண்டேயில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் தலைக்கவசம் எங்கே, கையுறை எங்கே என்பதுதான். வேலை முடிந்துவிட்டால் வேறு ஆள். பழங்காலச் செய்முறைகளைத் தேடிப்பிடித்து வீட்டில் பியர் காய்ச்சுவார்.

அவர் ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கையில், மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதத்தை என் முன்னால் தள்ளினார். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கோட்டை கட்டி வியாபாரம் செய்த காலத்தில் யாரோ எழுதிவைத்த பியர் செய்முறையின் பிரதி. கப்பலில் வரும் மால்ட், அதாவது முளைவிட்டுக் காயவைத்த பார்லி, பாதி வழியிலேயே பூஞ்சணம் பிடித்துவிட, மிச்சத்துக்குப் பனங்கட்டி போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். பனங்கட்டி! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தரங்கம்பாடி இந்தியா, நான் யாழ்ப்பாணம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "உங்கள் பக்கமும் பனை இருக்கிறதுதானே?" என்று கேட்டார். இருக்கிறதாவா!

அளவுதான் சிக்கல். ஒரு தேங்காய் அளவு பனங்கட்டி என்று எழுதியிருந்தது. அவர் சுப்பர்மார்க்கெட்டில் தேங்காய் ஒன்று வாங்கித் தராசில் வேறு வைத்துப் பார்த்திருந்தார். "உரித்த தேங்காயா, உரிக்காத தேங்காயா?" என்று கேட்டேன். தேங்காயை உரிப்பது என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதிக்கொண்டார். அன்று மாலை நான் வீட்டுக்கு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசி நாள் விருந்தில் அந்தப் பியரைத்தான் கொடுப்பது என்று முடிவெடுத்திருந்தார். "கையுறை போடச் சொல்லிக் கத்தியவன் என்றுதான் என்னை நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்," என்று சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பனங்கட்டி, ஊரிலிருந்து வந்த மச்சானின் பெட்டியில் குட்டான் என்கிற சின்ன ஓலைப்பெட்டியோடு வந்து சேர்ந்தது. ஒரு தடவை காய்ச்ச மட்டும்தான் காணும்.

"பொங்கலுக்கெண்டு வைச்ச பனங்கட்டியை வெறிக்குட்டியளுக்கே குடுக்கப் போறியள்?" என்றாள் மனைவி.

"ஓம்" என்று சொல்லிவிட்டுக் காருக்கு ஓடினேன்.

ஒரு சனிக்கிழமை காலை, அவருடைய சமையலறை. மால்ட்டை ஊறவைத்து வடித்த சாற்றில் பனங்கட்டியைக் கரைத்து, கசப்புக்கு ஹொப்ஸ் பூவும் போட்டோம். போத்தல் எடுக்க நிலவறைக்கு இறங்கும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: நுரை ஏறினால் உடனே நெருப்பைக் குறை. "யா, யா" என்றேன்.

நுரை ஏறியது. பனங்கட்டி வாசம் முகத்தில் அடித்தது. வெள்ளை நுரை பானையின் கழுத்தைத் தொட்டு விளிம்புக்கு வந்தபோது என் கை அடுப்பின் குமிழுக்குப் போகவில்லை. இரண்டு கைகளும் தாமாகவே கூப்பிக்கொண்டன. "பொங்கலோ பொங்கல்!" என்று கத்திவிட்டேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர் அடுப்பை அணைத்தார். அதற்குள் அவருடைய விருந்தில் பாதி தரையில் ஓடிக்கொண்டிருந்தது; நான் இன்னும் கும்பிட்டபடி நின்றேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. தைப்பொங்கலன்று பானை பொங்கி வழிந்தால்தான் எங்களுக்கு வருடம் நன்றாக அமையும், எந்தப் பக்கம் வழிகிறது என்றுகூடப் பார்ப்போம் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் குனிந்து பானையைச் சுற்றிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் நல்லது?" என்று பிறகு கேட்டார்.

"கிழக்கு."

கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து, ஒட்டும் தரையில் பார்த்துப் பார்த்துக் காலடி வைத்து, பானைக்குப் பக்கத்தில் பிடித்தார். கிழக்கேதான்! அறுபது தாண்டிய அந்த மனிதரும் நானும் அந்தப் பிசுபிசுப்பிலேயே நின்று துள்ளினோம்.

மிச்சத்தைப் புளிக்கவைத்து எடுத்தபோது விருந்துக்கு மிஞ்சியது பதினொரு போத்தல். முப்பது பேருக்கு ஆளுக்கு அரைக் கோப்பைதான் வந்தது. கறுத்த பியர், கொஞ்சம் தீய்ந்த வாசம், கடைசியில் நாக்கில் பனங்கட்டி. அவர் நடந்த கதையை ஒன்றும் விடாமல் சொல்லி, நடுக்கூடத்தில் நின்று என்னைப்போலவே கைகூப்பிக் காட்டினார். முப்பது பேரும் கோப்பையைத் தூக்கிக் கோணல்மாணலாய் "பொங்கலோ பொங்கல்" என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கும் தொழிற்சாலையில் அவர் பேச்சு வந்தால் அந்தக் கதைதான் வரும், கையுறை வராது.

பானையை எனக்கே தந்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் இருக்க அவர் சில்க்போர்க் நகருக்குக் குடிபோனார். ஆனாலும் தைப்பொங்கலன்று காலையில் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். மனைவி புதுப்பானையில் பொங்கிப் படைத்து முடிய, நாங்கள் கராஜில் பியர் காய்ச்சத் தொடங்குவோம். அந்தப் பானை வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவள் கட்டளை.

இந்த வருடமும் வந்தார். இத்தனை வருடம் காய்ச்சிப் பழகியதில் இப்போது நான்தான் பெரிய கவனக்காரன். நுரை தலைகாட்டியதுமே என் கை குமிழுக்குப் போனது. கையுறை போட்ட கையால் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"குறைக்காதே," என்றார்.

கறை கிழக்கே பார்க்கும்படி பானையைத் திருப்பி வைத்திருந்ததும் அவர்தான். நுரை ஏறி, பழைய கறையின் மேலேயே வழிந்தது.