சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரம்

எழுபதுகளில் என் கொழுந்தனாருக்குச் சிங்கப்பூர் கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டர் வேலை கிடைத்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் வீடு. அதுவரை எங்களில் யாரும் விமானம் ஏறியதில்லை. டிக்கெட் வந்ததும் முதலில் வாங்கிப் பார்த்தவர் என் வீட்டுக்காரர். செய்யூரிலிருந்து மெட்ராஸுக்குச் சவுக்குக் கட்டை லோடு அடிக்கும் லாரி டிரைவர். தூரம், நேரம் என்று வந்துவிட்டால் ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"காலைல பத்துக்குக் கெளம்புது, நாலுக்குப் போய்ச் சேருது. ஆறு மணி நேரம்" என்றார்.

"நாலு மணி நேரம்தாண்ணே. அங்க கடியாரம் ரெண்டு மணி நேரம் முன்னால ஓடுது" என்றார் கொழுந்தனார்.

"கடியாரம் எப்டி ஓடுனா இன்னா? ரோடு ஒண்ணுதான?"

"ரோடே இல்லண்ணே."

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் விடவில்லை. ஆயிரத்து எண்ணூறு மைல் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். டீக்கும் பஞ்சருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு, "லாரின்னா ஒரு வாரம்" என்றார்.

"நடுவுல கடல் கீதேடா" என்றார் மாமியார்.

"கடலத் தள்ளிட்டுத்தாம்மா சொல்றேன்."

கிளம்பும் நாளில் அண்ணனும் தம்பியும் லாரியிலேயே மீனம்பாக்கம் போனார்கள். விமானம் நம் தலைக்கு மேல்தான் போகும் என்று கொழுந்தனார் சொல்லியிருந்ததால், நானும் மாமியாரும் கடற்கரை மணலில் காத்திருந்தோம். பத்து மணிக்கு மேல் ஒன்று கடல் பக்கமாகப் போனது. மாமியார் முந்தானையை எடுத்து ஆட்டினார். மீன் கூடையோடு போன பெண்கள் நின்று, யார் போவது என்று விசாரித்து, அவர்களும் கை ஆட்டினார்கள். இரண்டு மணிக்கு மாமியார், "எறங்கியிருப்பான்" என்று சொல்லி என்னைப் பாயசம் வைக்கச் சொன்னார். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தோம்.

சாயங்காலம் லாரி வந்து நின்றது. ஒரு பக்கம் என் வீட்டுக்காரர் இறங்கினார். மறுபக்கம் கொழுந்தனார், பெட்டியோடு. காலி தம்ளரைத் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாடா, அதுக்குள்ள வந்துட்ட? ஊரு புடிக்கலியா?" என்றார் மாமியார்.

"நான் எங்கம்மா போனேன்? பிளேன்ல ஏதோ ரிப்பேராம். நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க."

"அப்ப காலைல நாங்க கை காட்டுனது யாருக்கு?"

என் வீட்டுக்காரர் முகத்தில் மட்டும் ஒரு திருப்தி. "லாரின்னா ஓரமா நிறுத்தி நானே பாத்திருப்பேன்" என்றார்.

மறுநாள் கொழுந்தனார் ஒருவழியாகப் போய்விட்டார். சில நாள் கழித்துத் தந்தி வந்தது. எங்கள் தெருவில் தந்தி என்றால் சாவுச் செய்திதான். தந்திக்காரர் சைக்கிளைப் பார்த்ததுமே மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டார். நான் உறையைப் பிரிப்பதற்குள் தெருவே கூடிவிட்டது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்றுதான் இருந்தது. உரக்கப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். மாமியாரின் அழுகை நிற்கவில்லை.

"அவன்தான் நல்லா கீறானே, இன்னும் ஏன் அழுவுற?" என்று கேட்டார் பக்கத்து வீட்டம்மா.

மாமியார் மூக்கைச் சிந்தினார். "எல்லாரும் வேலய வுட்டுட்டு ஓடியாந்துட்டீங்க" என்றார். "நடுவுல எப்டி நிறுத்துறது?"